மீன் தொட்டிக்குப் பக்கத்திலா டெலிவிஷன்?

பட்டாசு அறைக்குள் நுழையும் தொழிலாளி முதலில் என்ன செய்கிறார், தெரியுமா?

வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும். அதைக் கையால் தொடுகிறார். உடம்பில் தங்கியிருக்கும் நிலை மின்சாரம் தகட்டின் வழியாகத் தரைக்குள் இறங்கிவிடுகிறது. அதன் பிறகே உள்ளே காலடி வைக்கிறார்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் பொறிக்கு இவ்வளவு பயம்! சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் இது சிறு பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி.

அதே தொழிலாளி மாலையில் வீடு திரும்புகிறார். ஹாலில் ஒரு மேஜை. அதன் மேல் டெலிவிஷன். அதை ஒட்டினாற்போல் கண்ணாடி மீன் தொட்டி. கீழே இன்வெர்ட்டர். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டி. அது தரையில் கிடக்கிறது!

வேலை செய்யும் இடத்தில் இருக்கும் கவனத்தை, செருப்போடு சேர்த்து வாசற்படியிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம். இது கூடாது என்பதே நம் கட்சி.

மீன் வளர்ப்பது தப்பு என்று சொல்லவில்லை. நல்ல பொழுதுபோக்கு. குழந்தைகளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேஜையில் குடித்தனம் நடத்தக் கூடாது.

காக்கையும் மீனும்

"தொட்டியில் கரண்டு கசிந்தால் மீன் செத்துவிடாதா? மீன்தான் நன்றாக நீந்துகிறதே!" என்று சிலர் கேட்கலாம்.

இந்த நினைப்புதான் ஆபத்து.

மின்சாரக் கம்பியில் காக்கை உட்காருகிறது. அதற்கு ஒன்றும் ஆவதில்லை. ஏன்? அது தரையைத் தொடவில்லை. மின்சாரம் அதன் உடம்பு வழியாக இறங்க இடமில்லை.

மீனின் கதையும் அதுதான். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. தொட்டிக்குள் கிடக்கும் மோட்டாரின் ஒயர் கிழிந்து தண்ணீரில் மின்சாரம் ஏறியிருக்கும். மீன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கும்.

தொட்டியைச் சுத்தம் செய்ய வீட்டுக்கார அம்மா வருகிறார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, தண்ணீரில் கையை விடுகிறார். அப்போதுதான் மின்சாரத்துக்கு வழி கிடைக்கிறது. கையில் ஏறி, மார்பு வழியாகப் பாய்ந்து, காலில் இறங்குகிறது!

உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நம்மில் பலர் தொட்டியில் ஊற்றுவது எது? உப்புச் சுவையுள்ள போர் தண்ணீர்!

பியூஸ் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. பியூஸ் போவதற்குப் பல ஆம்பியர் மின்சாரம் வேண்டும். மனித இதயத்துக்கோ, சில பத்து மில்லி ஆம்பியரே எமன். 10 வாட் பல்பு ஒன்றில் 40 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. எலக்ட்ரீஷியன்கள் ஆர்.சி.சி.பி. என்பார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இது இல்லாத வீட்டில் மீன் தொட்டி வேண்டாம்.

தண்ணீர் வரும் வழி

தொட்டி உடைந்தால்தான் தண்ணீர் வெளியே வரும் என்பதில்லை. காற்று ஊதும் மோட்டாரைப் பலர் தொட்டிக்குக் கீழே வைக்கிறார்கள். மின்சாரம் நிற்கிறது. காற்றும் நிற்கிறது. உடனே தண்ணீர் ரப்பர் குழாயில் ஏறி, மோட்டாருக்குள் வடியத் தொடங்கலாம். பீப்பாயில் குழாய் விட்டு எண்ணெய் இறக்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே முறை!

பாரத்தையும் மறக்காதீர்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியில் 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது 56 கிலோ! கல்லும் கண்ணாடியும் தனி. டெலிவிஷன் மேஜை இதைத் தாங்குமா?

மீனுக்கும் தொல்லை

டெலிவிஷனிலிருந்தும் வைபையிலிருந்தும் வரும் அலைகள் மீனைக் கொல்லும் என்பது வீண் பயம். மீனை வாட்டுவது வேறு இரண்டு.

ஒன்று, சூடு. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 டிகிரியில் சுமார் 9 மில்லி கிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். நம் ஊர் வெயிலே போதாதா? இன்வெர்ட்டர் சூடும் சேர வேண்டுமா?

இன்னொன்று, அதிர்ச்சி. மீனுக்குக் காது உண்டு. உடலின் பக்கவாட்டிலும் அதிர்வை உணரும் உறுப்பு உண்டு. ஸ்பீக்கர் அதிர்ந்தால் மேஜை அதிரும், தண்ணீரும் அதிரும். நமக்குப் பாட்டு, மீனுக்குத் திண்டாட்டம்!

என்ன செய்யலாம்?

தொட்டிக்குத் தனி ஸ்டாண்டு வையுங்கள். டெலிவிஷன், இன்வெர்ட்டர் ஆகியவற்றிலிருந்து 3 அடியாவது தள்ளி வையுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போடாதீர்கள். சுவரில் உயரமாக மாட்டுங்கள்.

ஒயர் கீழே தொங்கி வளைந்து, பிறகு மேலேறி பிளக்குக்குப் போகட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

காற்று மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

தண்ணீர் கொட்டிவிட்டதா? துணியைத் தேடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

"ஒற்றை அறை வீட்டில் இடத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அப்படியானால் மோட்டாரே வேண்டாம். திண்ணை நிழலில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அதில் கொஞ்சம் பாசி, நாலைந்து கப்பி மீன். கப்பி கொசுப் புழுவைத் தின்னும். பிள்ளைகளுக்கு வேடிக்கை, வீட்டுக்குக் காவல், ஒயர் செலவும் மிச்சம்!

பட்டாசு அறையில் தகட்டைத் தொடாமல் உள்ளே போகாத கை, வீட்டில் பிளக்கைப் பிடுங்காமல் மீன் தொட்டிக்குள் போகக் கூடாது!