முடிவை மாற்றுகிறவர்கள்

"நம்ம ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க சார்." மாமல்லபுரம் கடற்கரையில் நடக்கும்போது நண்பர் சொன்னார். துப்பறியும் படமானாலும் நாயகனும் நாயகியும் பிழைத்தாக வேண்டுமாம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

பேச்சு அகதா கிறிஸ்டியின் 1939ஆம் வருட நாவலைப் பற்றியது. ஒரு தீவு, பத்துப் பேர், ஒவ்வொருவராகச் சாகிறார்கள். புதுச்சேரியில் பள்ளி நாட்களில் பிரெஞ்சில் படித்தேன். (கறுப்பின மக்களை இழிவுபடுத்திய பழைய பிரெஞ்சுத் தலைப்பை 2020ல் 'அவர்கள் பத்துப் பேர்' என்று மாற்றினார்கள். நல்ல காரியம்.) நாவலில் ஒருவரும் தப்புவதில்லை. இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்கவும்.

1945ல் ரெனே கிளேர் படமெடுத்தபோது இருவரைப் பிழைக்க வைத்தார். 1943ல் நாடக மேடைக்காகக் கிறிஸ்டியே அப்படி மாற்றிக்கொடுத்தவர்தான். அவரே செய்தாலும் தப்பு தப்புதான். பிழைக்க வைத்ததைக்கூட விட்டுவிடலாம், அந்த இருவரையும் நிரபராதிகளாக்கியதைத்தான் பொறுக்க முடியவில்லை. சட்டத்தால் தொட முடியாத ஒரு சாவுப் பழி ஒவ்வொருவர் தலையிலும் இருக்கிறது என்பதுதானே கதையே! 1987ல் சோவியத் இயக்குநர் கொவருகின் துணிந்து மூல முடிவையே எடுத்தார்.

நம் ஜனங்களா? 1954லேயே ஏவி.எம்.மின் 'அந்த நாள்' வந்துவிட்டது. பாட்டில்லை, நடனமில்லை. தொடக்கத்திலேயே சிவாஜி செத்து விழுகிறார், சுட்டவள் மனைவி. அப்போது ஓடவில்லை, உண்மை. இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்தப் படத்தைத்தானே? அதை இயக்கிய வீணை எஸ். பாலசந்தர்தான் இதே கிறிஸ்டி நாவலைத் தழுவி 'நடு இரவில்' எடுத்தார். 1970ல் வெளிவந்தது.

எனக்கேன் இத்தனை கோபம் என்று நண்பர் கேட்டார். சொன்னேன்.

பணியிலிருந்தபோது ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு என் மேஜைக்கு வந்தது. வாரிசுச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை. திருத்தி வாருங்கள் என்று நான்கு மாதம் நிறுத்திவைத்தேன். கடலோரக் கிராமத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் செங்கல்பட்டுக்கு வருவார், போவார். ஐந்தாம் முறை மகன் மட்டும் வந்தான். அம்மா போய்விட்டார்கள் என்றான். எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை.

நண்பர் செருப்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ரஷ்யப் படம் இரண்டு பாகம், முழுவதும் பார்த்துவிட்டுத்தான் காப்பி.