வாங்கலாமா, வேண்டாமா? - கார்டு செய்ய எழுத்து ஸ்டாம்ப்: கரியாலூர் மாணவியின் 800 அழுத்தல் கணக்கு

கல்வராயன் மலையில் இருக்கும் கரியாலூரில் இருந்து இந்த வாரக் கேள்வி. கேட்டிருப்பவர் கல்லூரி மாணவி. விடுமுறையில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கையால் வாழ்த்து அட்டை செய்வார். முதலில் தோழிகளுக்கு மட்டும்தான். இப்போது முதல் ஆர்டர் வந்திருக்கிறது. பொங்கலுக்கு 50 கார்டு, எல்லாவற்றிலும் தமிழில் வாழ்த்து இருக்க வேண்டும்.

இன்ஸ்டா ரீல்ஸில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். ஒரு பெண் குட்டிக் குட்டி எழுத்துகளைக் கண்ணாடி போன்ற கட்டையில் ஒட்டி, மையில் தொட்டு, அட்டையில் அழுத்துகிறார். விரும்பிய பெயர், விரும்பிய வாசகம், பத்தே விநாடியில் தயார். அதைப் பார்த்ததும் அந்த செட் கார்ட்டில் ஏறிவிட்டது. கையில் இருப்பது 2,000 ரூபாய், அம்மா சாமை விற்ற காசில் கொடுத்தது. செட்டும் மை பேடும் சேர்த்தால் அதில் பாதிக்கு மேல் போய்விடும். "பேனாவுல எழுதுனா ஆகாதா பாப்பா?" என்று அம்மா கேட்க, பணம் கட்டும் பட்டனுக்கு முன்னால் விரல் நின்றுவிட்டது.

அம்மாவின் கேள்வி நியாயமானது. பதில் சொல்வதற்கு முன் எதை வாங்கப்போகிறோம் என்று தெரிய வேண்டும். ஏனென்றால் 'ஸ்டாம்ப்' என்றால் நம் ஊரில் தபால் தலையும் அதுதான், பத்திரம் எழுதும் பேப்பரும் அதுதான், ஆபீஸ் முத்திரையும் அதுதான். கார்டு செய்பவர்களுக்கு 'நம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளும் எழுத்து ஸ்டாம்ப்' என்று விற்கப்படுவதிலேயே மூன்று ரகம் இருக்கிறது.

முதல் ரகம், ரீல்ஸில் வந்தது. ஒளி ஊடுருவும் பாலிமரில் தனித்தனி எழுத்துகள். அக்ரிலிக் கட்டையில் வரிசையாக ஒட்டி அழுத்தலாம், வேலை முடிந்ததும் பிரித்து எடுக்கலாம். ரப்பரில், மரக்கட்டையில் ஒட்டியும் இவை வருகின்றன. இரண்டாவது ரகம், ஆபீஸ்களில் பார்க்கும் செல்ஃப் இங்க் ஸ்டாம்பின் தம்பி. ட்ரோடாட் போன்ற நிறுவனங்கள் செய்பவை. அடியில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும், இடுக்கியால் ஒவ்வொரு எழுத்தாகச் செருகி வாசகம் அமைக்கலாம். எழுத்துகள் 3, 4 மில்லிமீட்டர் உயரம்தான். முகவரி போட நன்றாக இருக்கும், வாழ்த்து அட்டையில் போட்டால் ரசீது மாதிரி ஆகிவிடும். இதை இத்தோடு விட்டுவிடலாம்.

மூன்றாவது ரகம், நாம் கொடுக்கும் வாசகத்தை அப்படியே செய்து தரும் ஆர்டர் ஸ்டாம்ப். தாலுகா ஆபீஸ், கோர்ட், பத்திரப் பதிவு ஆபீஸ் இருக்கும் ஊர்களில் 'ரப்பர் ஸ்டாம்ப் செய்து தரப்படும்' என்று போர்டு வைத்திருப்பார்களே, அவர்கள் செய்வதுதான்.

மாணவி பார்த்த செட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதல் விஷயம் தெரிந்துவிடும். ஏ முதல் இசட் வரை, பிறகு எண்கள், நான்கு இதயங்கள், இரண்டு பூக்கள். தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆர்டரோ தமிழில்!

அப்படியென்றால் தமிழ் செட் தேடலாமே? தேடலாம். ஆனால் அந்த செட்டில் எத்தனை துண்டு இருந்தால் எல்லாச் சொல்லையும் எழுத முடியும் என்று ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். எழுத்துகள் 247 என்று பள்ளியில் படித்தோம். அத்தனையும் தேவையில்லை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரத்துக்கான கொம்பு என்ற நான்கும் தனித் துண்டாக இருந்தால் கா, கெ, கே, கை, கொ, கோ எல்லாம் வந்துவிடும். கௌ எழுத ளகரத்தைப் பக்கத்தில் வைத்தால் போதும், ஔ எழுதவும் அதேதான். ஆனால் கி, கீ, கு, கூ அப்படி வராது. அந்தச் சுழியும் வாலும் எழுத்தோடு ஒட்டியே இருப்பவை. 18 மெய்க்கும் தனித்தனியாக வேண்டும். புள்ளி வைத்த எழுத்தும் அப்படித்தான். புள்ளியைத் தனி ஸ்டாம்பாக வைத்து, தலைக்கு நேராகக் குத்த முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்தில் நான்கு பக்கத்து எழுத்தின் மேல் போய் உட்காரும்.

ஆக, க ங ச ஞ என்று 18, புள்ளியோடு 18, கி வரிசை 18, கீ 18, கு 18, கூ 18. மொத்தம் 108. ஔ நீங்கலாக உயிர் 11, ஆய்தம் ஒன்று, குறிகள் நான்கு. கூட்டினால் 124 துண்டுகள். ஜ, ஷ, ஸ, ஹ இன்னும் சேரவில்லை. தோழியின் பெயர் ஐஸ்வர்யா என்றால் 'ஸ்' இல்லாமல் மாட்டிக்கொள்வோம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மட்டும் போதும் என்றால் 26-ல் வேலை முடிந்துவிடும்.

இந்த 124-ம் சலுகை விலைதான். 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முன்பு ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகளுக்குத் தனி வடிவம் இருந்தது. பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் மாற்றிக் காட்டிய வடிவத்தைத்தான் இப்போது எல்லோரும் எழுதுகிறோம். அச்சுக் கோத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது இந்த ஸ்டாம்ப் கணக்கைப் போடும்போதுதான் உறைக்கிறது.

எழுத்தின் அளவும் பழைய தலைவலிதான். தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் வைத்தபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713-ல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை, பேப்பரைத் தின்றுவிட்டன. அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். கார்டிலும் இதே சங்கடம்தான். பெரிய எழுத்து என்றால் 'வாழ்த்துகள்' ஒரு வரியில் அடங்காது. சின்ன எழுத்து என்றால் ண, ஞ போன்றவற்றின் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். 6, 7 மில்லிமீட்டருக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

சரி, 124 துண்டும் கையில் கிடைத்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். மாணவியின் ஆர்டரை அதில் செய்து பார்க்கலாம். 'இனிய பொங்கல் வாழ்த்துகள்.' இ, னி, ய என்று மூன்று. ஒற்றைக்கொம்பு, ப, துணைக்கால், ங், க, ல் என்று ஆறு. வ, துணைக்கால், ழ், த், து, க, ள் என்று ஏழு. ஒரு கார்டுக்கு 16 அழுத்தல், 50 கார்டுக்கு 800! ஒவ்வொன்றும் நேராக விழ வேண்டும். பதினாறாவது எழுத்தான 'ள்' சாய்ந்தால், முன்பு போட்ட பதினைந்தும் அட்டையும் வீண்.

கட்டையில் மொத்தமாக ஒட்டி ஒரே அழுத்தில் முடிக்கலாமே என்றால், துணைக்காலும் 'க'வும் இரண்டிரண்டு வேண்டும். செட்டில் ஒன்றுதான் இருக்கும். இன்னொரு செட் வாங்க வேண்டியதுதான்.

(வாழ்த்துகளா, வாழ்த்துக்களா என்ற சண்டை தனி. இலக்கணம் பார்ப்பவர்கள் 'வாழ்த்துகள்' என்பார்கள், தெருவில் இருக்கும் பேனர்களில் பாதி 'வாழ்த்துக்கள்' என்கின்றன. ஒரு 'க்' சேர்த்தால் 50 கார்டுக்கு 50 அழுத்தல் கூடும் என்பதால், கார்டு செய்பவர்கள் இலக்கணப் பக்கம் நிற்பதே லாபம்.)

எனவே எழுத்து செட் வேண்டாம். கார்ட்டில் இருந்து எடுத்துவிடலாம். ஆங்கிலத்தில் மட்டும் கார்டு செய்பவர், ஒவ்வொரு கார்டிலும் வேறு வேறு பெயர் போடுபவர் என்றால் அந்த செட் உழைக்கும். தமிழுக்கு அது பொருந்தாது.

ஆனால் அம்மா சொல்வதுபோல முழுக்க பேனாவிலேயே எழுதலாமா? 5 கார்டுக்கு எழுதலாம். 50-ல், முப்பதாவது கார்டில் கை வலிக்கத் தொடங்கும், எழுத்து மாறும். ஆர்டர் கொடுத்தவர் முதல் கார்டையும் ஐம்பதாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். செலவே இல்லாத ஒரு வழி அழிரப்பரில் செதுக்குவது. பள்ளியில் வெண்டைக்காயை நறுக்கிப் பூ அச்சு வைத்தவர்களுக்கு இது புதிதல்ல. டிரேசிங் பேப்பரில் பென்சிலால் எழுதி, எழுதிய பக்கத்தை ரப்பர் மேல் கவிழ்த்துத் தேய்த்தால் எழுத்து தானாகவே இடம் வலம் மாறிப் பதியும். ட, ப போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளை கட்டரால் எளிதாகச் செதுக்கலாம். ழகரத்தில் கை நடுங்கும். கரும்பு, பானை, கோலம், சூரியன் ஆகியவற்றை அழிரப்பரில் செதுக்கிக்கொண்டு, எழுத்துக்கு மட்டும் காசு செலவழிப்பது புத்திசாலித்தனம்.

அந்தக் காசு போக வேண்டிய இடம் மூன்றாவது ரகம். அதிலும் 'இனிய பொங்கல் வாழ்த்துகள்' என்று ஒரே ஸ்டாம்பாகச் செய்தால் தை பிறந்து நான்கு நாளில் அது பெட்டிக்குள் போய்விடும், அடுத்த மார்கழியில்தான் வெளியே வரும். அதனால் எழுத்தாகப் பிரிக்காமல் சொல்லாகப் பிரித்துச் செய்யச் சொல்லுங்கள். 'இனிய', 'வாழ்த்துகள்', 'பொங்கல்', 'பிறந்தநாள்', 'திருமணநாள்', 'புத்தாண்டு', 'அன்புடன்' என்று ஏழு சொற்கள். முதல் இரண்டும் எல்லாக் கார்டிலும் வரும், நடுச்சொல் மட்டும் மாறும். நடுவில் எது வந்தாலும் 'வாழ்த்துகள்' வகரத்தில் தொடங்குவதால் ஒற்று மிகாது, கூடுதலாக ஒரு 'ச்'சோ 'ப்'போ குத்த வேண்டியதில்லை. பொங்கல் கார்டுக்கு மூன்று அழுத்தல், 50 கார்டுக்கு 150.

ஆர்டர் கொடுக்கும்போது சில விஷயங்களைக் கறாராகச் சொல்ல வேண்டும். கைப்பிடி, மை டப்பா எதுவும் வேண்டாம், ஏழு சொல்லையும் ஒரே ரப்பர் ஷீட்டாகக் கொடுங்கள், வெட்டிக்கொள்கிறோம் என்று கேளுங்கள். மை உள்ளேயே இருக்கும் ஸ்டாம்ப் ஒரே நிறத்தில்தான் அச்சடிக்கும், கார்டுக்கு நிறம் மாற்ற முடியாது. ஷீட்டை வெட்டி, டபுள் சைடு டேப்பால் தச்சுப் பட்டறையில் மிஞ்சிய மரத்துண்டில் ஒட்டினால் தனித்தனி ஸ்டாம்ப் ரெடி. விலையைக் கேட்கும்போது ஒரு சொல்லுக்கு எவ்வளவு என்று கேட்காமல், ஷீட் அளவுக்கு எவ்வளவு என்று கேட்பது முக்கியம்.

எழுத்துரு? கடைக்காரர் கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்தைவிட உங்கள் கையெழுத்தே போதும். கோடு போடாத வெள்ளைத்தாளில் கறுப்புப் பேனாவால், சற்றுத் தடிமனாக, ஏழு சொல்லையும் எழுதி, பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் போட்டோ எடுத்து அனுப்பலாம். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் யூனிகோடில் டைப் செய்து அனுப்பும் தமிழ், பழைய டிடிபி மென்பொருளுக்குப் போகும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறும். படமாகப் போனால் சிதறாது. எதுவானாலும், செய்வதற்கு முன் மாதிரிப் படம் ஒன்றை அனுப்பச் சொல்லி, எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். ரப்பரில் வெட்டிய பிழையை அழிக்க அழிரப்பர் கிடையாது.

கரியாலூரில் இருப்பவருக்கு இது கூடுதல் அவசியம். பிழையோடு வந்தால் கோமுகி அணை, கச்சிராயபாளையம் தாண்டிக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஏறுவதில் ஒரு நாள் போய்விடும், பஸ் காசும் போய்விடும். ஆன்லைனில் ஆர்டர் செய்தால் கூரியர் மலைமேல் வீடு வரை வருமா, கீழே போய் வாங்க வேண்டுமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பொங்கலுக்கு வேண்டியதைப் பொங்கல் வாரத்தில் ஆர்டர் செய்யக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆபீஸ் ஸ்டாம்ப் பேடின் ஊதா மை, கையால் செய்த காகிதத்தில் நூல் நூலாகப் பரவும். பிக்மென்ட் மை பரவாது, நிறம் பளிச்சென்று நிற்கும், ஆனால் காய நேரமெடுக்கும். பளபளப்பான அட்டையில் சரியாகக் காயவே காயாது. கல்வராயன் மலை 2,000 அடிக்கு மேல். மார்கழிப் பனியில் ஈரமாக இருக்கும் காற்றில் கார்டுகளை அன்றே அடுக்கி வைத்தால் ஒன்றின் வாழ்த்து இன்னொன்றின் முதுகில் இருக்கும். ஓர் இரவு பரப்பி வைக்க இடம் வேண்டும். அட்டையும் மேடு பள்ளம் இல்லாத, மங்கலான ரகமாக இருக்கட்டும். புதுச்சேரி ஆசிரமத்துக் கையால் செய்த காகிதம் அழகுதான், ஆனால் சொரசொரப்பான ரகத்தில் சின்ன எழுத்து விட்டுவிட்டு விழும். அதை உறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அழுத்தும்போது கார்டுக்கு அடியில் பழைய மவுஸ் பேடோ நாலைந்து நியூஸ் பேப்பரோ வைத்து, நேராக அழுத்தி நேராகத் தூக்க வேண்டும். ஆட்டினால் ஓரத்தில் இரட்டைக் கோடு விழும். முதல் பத்து அழுத்தலைப் பழைய நோட்டில் போட்டுப் பழகிய பிறகே அட்டையைத் தொடுங்கள். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல், தின்னர் பக்கம் போனால் ரப்பர் ஊதிவிடும். பாலிமர் என்றால் வெயில் படாத டப்பாவில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மஞ்சளாகி இறுகும்.

இனி காசு. ஷீட்டுக்கும் மைக்கும் சேர்த்து 600 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், இந்த ஆர்டரில் கார்டுக்கு 12 ரூபாய் செலவு. அதே ஸ்டாம்பில் சித்திரைக்குள் இன்னும் 150 கார்டு போனால் 3 ரூபாயாக இறங்கும். கார்டின் விலையில் 12 ரூபாயை இப்போதே சேர்க்க முடிகிறதா என்று ஆர்டர் கொடுத்தவரிடம் பேசிப் பாருங்கள். முடியாது என்றால் பொங்கலுக்குத் தேவையான மூன்று சொற்களை மட்டும் செய்துகொண்டு, மற்ற நான்கையும் அடுத்த ஆர்டர் வரும்போது செய்யலாம். 2,000 ரூபாயில் பெரும்பகுதி அம்மாவிடமே திரும்பிவிடும்.

பெயர் மட்டும் மிச்சம். யாருக்கு, யாரிடமிருந்து என்ற இரண்டு வரிகளுக்கு எந்த ஸ்டாம்பும் வேண்டாம். அம்மா சொன்ன அந்தப் பேனா போதும்.