ஆப் போன பிறகு அபராதம் எதற்கு? பாரத் மேட்ரிமோனி வழக்கும் ஐரோப்பாவின் டிஎம்ஏ சட்டமும்

மேல்பட்டாம்பாக்கத்தில் இன்ஜினீயரிங் முடித்த ஒருவர், டிஎன்பிஎஸ்சி மாதிரித் தேர்வுகளுக்காக ஒரு ஆப் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சந்தா 100 ரூபாய். நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் ஆட்கள் சேருகிறார்கள். கூகுள் பிளே வழியாகப் பணம் வந்தால் அதில் 15 ரூபாய் கூகுளுக்கு. சரி, வேறு பேமென்ட் வழியில் வாங்கிக்கொள்ளலாமா? 2024-ல் இருந்த விதிப்படி அப்போதும் 11 ரூபாய் கூகுளுக்குத்தான். பேமென்ட் கம்பெனிக்கான கட்டணம் தனி.

ஆப்புக்குள் எதையும் விற்காமல் வெப்சைட்டில் மட்டும் விற்றால் கமிஷன் கிடையாது. ஆனால் ஆப்பைத் திறந்தவரை 'இங்கே இல்லீங்க, அங்கே போய்ப் பணம் கட்டுங்க' என்று அலையவிட்டால் பலர் திரும்பி வரமாட்டார்கள். பிளே ஸ்டோரே வேண்டாம் என்று வெளியேறலாம்தான். பெரும்பாலானோர் கையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கும் ஊரில் அது கடையைச் சாத்துவதற்குச் சமம்.

இது ஒரு கற்பனைக் கணக்கு. சென்னையில் இதே சண்டை நிஜமாகவே நடந்தது.

மார்ச் 1, 2024: என்ன ஆச்சு?

முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட பல இந்திய ஆப்கள் அன்று பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன. காரணம், கமிஷன் தகராறு. அந்த நிறுவனங்கள் சென்னை உயர்நீதிமன்றத்தில் போட்ட வழக்குகள் 2023 ஆகஸ்டிலேயே தள்ளுபடி ஆகியிருந்தன. இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. மேல்முறையீடும் நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இடைக்கால நிவாரணம் தரவில்லை.

கூகுளின் வாதம் என்ன? பிளே ஸ்டோரை நடத்தவும் பாதுகாக்கவும் செலவாகிறது, மற்ற டெவலப்பர்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்கள், இவர்கள் மட்டும் கட்டவில்லை. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் விலை சொல்பவரும் வாசலை வைத்திருப்பவரும் ஒரே ஆள் என்றால், பேரம் எங்கே நடக்கும்?

கடைசியில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்டார். மார்ச் 5-ம் தேதி ஆப்களைத் தற்காலிகமாகத் திரும்பச் சேர்க்க கூகுள் ஒப்புக்கொண்டது. அமைச்சர் கூப்பிட்டுப் பேசியதால் வேலை நடந்தது. மேல்பட்டாம்பாக்கம் ஆப் காணாமல் போனால் எந்த அமைச்சர் கூப்பிடுவார்?

இரண்டே நாளில் ஐரோப்பாவில்

ஆப்கள் திரும்பி வருவது உறுதியான இரண்டாவது நாள், அதாவது 2024 மார்ச் 7, ஐரோப்பிய ஒன்றியத்தில் டிஎம்ஏ எனப்படும் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் பெரிய நிறுவனங்கள் மீது அமலுக்கு வந்தன. இதன் இரட்டைப் பிறவியான டிஎஸ்ஏ, தளங்களில் வரும் சட்டவிரோதப் பதிவுகள், விளம்பரங்கள் பற்றியது. டிஎம்ஏ பேசுவது சந்தை பற்றி.

விபத்து நடந்த பிறகு வழக்குப் போடுவது ஒரு வழி. பள்ளிக்கூடத்துக்கு முன்னாடியே வேகத்தடை போடுவது இன்னொரு வழி. டிஎம்ஏ இரண்டாவது ரகம். மாதம் 4.5 கோடி பயனர்கள், ஆண்டுக்கு 10,000 வணிகப் பயனர்கள், பெரிய வருவாய் அல்லது சந்தை மதிப்பு எல்லாம் இருந்தால் அந்த நிறுவனம் 'வாசல்காவலர்'. 2023 செப்டம்பரில் வந்த முதல் பட்டியலில் ஆல்பபெட், ஆப்பிள், அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், பைட்டான்ஸ் என ஆறு பெயர்கள். உன் பொருளைத் தேடலில் மேலே தூக்கி வைக்காதே, ஆப் வைத்திருப்பவர் 'வெளியே விலை கம்மி' என்று வாடிக்கையாளரிடம் சொல்வதைத் தடுக்காதே என்று செய்யக்கூடாதவை முன்பே எழுதப்பட்டிருக்கின்றன. மீறினால் உலகளாவிய வருவாயில் 10% வரை அபராதம். அந்த 'வெளியே விலை கம்மி' விதியை மீறியதற்காகத்தான் 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விழுந்தது.

எல்லாமே சுகம் இல்லை. ஐரோப்பாவில் கூகுள் தேடலில் வரும் மேப்பைத் தட்டினால் நேராக கூகுள் மேப்ஸுக்குப் போகும் வசதி காணாமல் போனது. ஆப்பிள் தன் புதிய வசதிகள் சிலவற்றை அங்கே தாமதமாகக் கொடுத்தது, சிலவற்றைக் கொடுக்கவே இல்லை. சாதாரண பயனருக்கு இது எரிச்சல்தான்.

நம்ம ஊர் வழி

இந்தியப் போட்டி ஆணையம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. பாரத் மேட்ரிமோனி நிறுவனமும் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் கூகுள் தேடல் பற்றிக் கொடுத்த புகார்கள் 2012-ல் ஆணையத்துக்கு வந்தன. தீர்ப்பு 2018 பிப்ரவரியில், அபராதம் 135.86 கோடி ரூபாய். ஆறு வருஷம்! இணையத்தில் ஆறு வருஷம் என்பது ஒரு கம்பெனி பிறந்து, வளர்ந்து, செத்துப்போகிற காலம்.

டிஎம்ஏ மாதிரியே இங்கும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது. சில ஸ்டார்ட்அப்கள் வரவேற்றன, இணைய நிறுவனங்களின் சங்கமான ஐஏஎம்ஏஐ எதிர்த்தது. எதிர்ப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவின் 4.5 கோடி என்பது அங்குள்ள மக்கள்தொகையில் சுமார் 10%. நம் வரைவில் இருக்கும் 1 கோடி பயனர் வரம்போ நம் மக்கள்தொகையில் 1% கூட இல்லை. வருவாய் வரம்பு தனியாக உண்டு என்றாலும், வளர்கிற இந்திய ஆப்களும் சிக்கலாம் என்ற பயம் வரத்தானே செய்யும்? இது எண்ணைத் திருத்தினால் தீரும் பிரச்சினை. வரைவையே கிடப்பில் போட இது காரணம் ஆகாது.

பிளே ஸ்டோர் பேமென்ட் விவகாரத்தில் ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்குப் போட்ட அபராதம் 936.44 கோடி ரூபாய். 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமான என்சிஎல்ஏடி அதை 216.69 கோடியாகக் குறைத்தது. பிறகு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எவ்வளவு வசூலானாலும் அந்தப் பணம் சேருவது அரசின் கஜானாவில். ஆப் வைத்திருப்பவருக்கு நஷ்டஈடு வேண்டுமென்றால், என்சிஎல்ஏடி-யில் அவரே தனியாக மனுப் போட வேண்டும்.