ஸ்பெயின் ஒயின் திராட்சை நம் சமவெளிக்கு வருமா?

கேள்வி: சேந்தமங்கலம் பக்கத்தில் எனக்கு 2 ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. வெள்ளை ஈ வந்ததிலிருந்து காய்ப்பு சரியில்லை. ஸ்பெயினில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே ஒரு குடும்பம் சொந்தத் தோட்டத்துத் திராட்சையில் சிவப்பு ஒயின் தயாரித்து, பாட்டில் 20 யூரோவுக்கு விற்பதைப் பார்த்திருக்கிறான். 'தென்னையை எடுத்துவிட்டு அந்த டெம்ப்ரனில்லோ ரகத்தை நடலாம்' என்கிறான். நகைக்கடன் வாங்க யோசிக்கிறோம். நடலாமா?
– வாசகர், நாமக்கல் மாவட்டம்.

பதில்: நகையை வங்கிக்கு எடுத்துப் போக வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன். உங்கள் மகன் பார்த்தது உண்மைதான். ஆனால் அந்த 20 யூரோ எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

நல்ல சிவப்பு ஒயினை 'கட்டு உள்ள ஒயின்' என்பார்கள். அந்தக் கட்டு என்பது துவர்ப்பும் புளிப்பும்தான். நெல்லிக்காயைக் கடித்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கிறதே, அதே மாதிரி. துவர்ப்பும் சிவப்பு நிறமும் பழத்தின் தோலிலும் விதையிலும் இருக்கின்றன. பெரும்பாலான ரகங்களில் சாறு நிறமற்றதுதான். அதனால் தோல், விதையோடு சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். பழம் சிறுத்துத் தோல் தடித்திருந்தால்தான் கட்டு வரும். கொடியில் காய் அதிகம் ஏறினால் சாறு நீர்த்துப்போகும்.

ஆகவே அங்கே மகசூலைக் கூட்டுவதில்லை, குறைக்கிறார்கள். ரியோஹா என்ற புகழ்பெற்ற வட்டாரத்தில் சிவப்புத் திராட்சை எக்டேருக்கு 6,500 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஏக்கருக்கு 2,600 கிலோ. நம் பன்னீர் திராட்சைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் மகசூல் எக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன், அதாவது ஏக்கருக்கு 12 டன். ஸ்பெயின் விவசாயி நம்மில் நான்கில் ஒரு பங்குகூட எடுப்பதில்லை. அவருக்குப் பழத்தில் லாபம் இல்லை, பாட்டிலில்தான் லாபம். அதற்கும் பொறுமை வேண்டும். ரியோஹாவில் 'கிரியான்சா' என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதில் ஓர் ஆண்டு ஓக் மரப் பீப்பாயில். அதுவரை போட்ட பணம் முடங்கிக் கிடக்கும்.

அடுத்தது தட்பவெப்பம். டெம்ப்ரனில்லோவுக்குப் பேர் பெற்ற ரிபெரா டெல் துவெரோ கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கோடையில் பகல் 35 டிகிரியைத் தொட்டாலும் இரவில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். அந்தக் குளிர் இரவுதான் பழத்தில் புளிப்பைக் காப்பாற்றுகிறது. குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்குகிறது. ஆண்டுக்கு ஒரே அறுவடை. சேலம் 300 மீட்டருக்கும் குறைவு, நாமக்கல் அதைவிடத் தாழ்வு. நம் சித்திரை மாத இரவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சர்க்கரை ஏறும், ஆனால் புளிப்பு எரிந்துவிடும். சாறு இனிக்கும், கட்டு இருக்காது.

'நாசிக்கில் வருகிறதே' என்று மகன் கேட்பார். வருகிறது, டெம்ப்ரனில்லோவும் வருகிறது. நாசிக் சுமார் 600 மீட்டர் உயரம். செப்டம்பர் வாக்கில் கவாத்து செய்து, குளிர்ந்த வறண்ட மாதங்களில் பழுக்க வைத்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுக்கிறார்கள். 2001-இல் மகாராஷ்டிர அரசு ஒயின் தொழிலுக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஆலை பக்கத்தில் இருப்பதால் பறித்த பழம் அன்றே அரவைக்குப் போகும். 'அப்படியானால் கொல்லிமலையில் போடலாமே' என்றால், அங்கே குளிர் உண்டு, மழையும் ஈரமும் கூடவே உண்டு. மிளகுக்கும் காப்பிக்கும் அது நல்லது. திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய்தான் மிஞ்சும்.

மூன்றாவது, சட்டம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் ஒயின் தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். வீட்டில் ஒரு ஜாடியில் போட்டுப் பார்க்கிறேன் என்றாலும் அதேதான். சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில். ஸ்பெயின் குடும்பம் தோட்டத்து வாசலில் மேசை போட்டு விற்பதுபோல் நீங்கள் விற்க முடியாது.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்கு என் பக்கமும் ஒரு காரணம் உண்டு. இருபது ஆண்டுக்கு முன்பு காட்டாமணக்கு அலை அடித்தபோது, 'தரிசில் தங்கம்' என்று மேடையில் நானும் பேசினேன். என் பேச்சை நம்பி 3 ஏக்கர் நட்ட ஒருவர், நான்காம் ஆண்டு பொக்லைன் வைத்துப் பிடுங்கினார். வாங்க ஆள் இல்லை. இன்றும் வழியில் பார்த்தால் 'வாங்க சார்' என்று டீ வாங்கித் தருகிறார். அந்த டீ எனக்கு இறங்குவதில்லை. அதன் பிறகு யார் புதுப்பயிர் கேட்டாலும், 'வாங்குபவர் யார், எத்தனை கிலோமீட்டரில்?' என்றுதான் முதலில் கேட்கிறேன்.

திராட்சைதான் வேண்டும் என்றால், தோப்பில் கை வைக்காமல், காலியிடம் 25 சென்ட் இருந்தால் பன்னீர் ரகத்தைச் சாப்பிடும் பழமாகப் போட்டுப் பாருங்கள். நடுமுன் மண்ணையும் கிணற்று நீரையும் நாமக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். மண்ணின் உப்பு நிலை 1.5 டெசிசைமனைத் தாண்டினால் திராட்சை மகசூல் குறையத் தொடங்கும். உப்புத் தண்ணீராக இருந்தால் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்று வேண்டும். டிசம்பர்–ஜனவரியில் ஒரு கவாத்து, மே–ஜூனில் ஒரு கவாத்து. ஐப்பசி மழையில் அடிச்சாம்பலுக்கு 1 சத போர்டோ கலவை கைவசம் இருக்கட்டும்.

ஒன்று கவனியுங்கள். அதே பன்னீர் ரகம்தான் என்றாலும் அதைக் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்று விற்க முடியாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பெயர் கம்பம் பள்ளத்தாக்குக்கு மட்டுமே உரியது. ரியோஹா என்ற பெயரும் இப்படித்தான். உங்கள் மகன் அங்கே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்: அந்தக் குடும்பம் ஊருக்குப் பொருந்திய பயிரைப் பிடித்துக்கொண்டு, அதை ஊர்ப் பெயரிலேயே பண்டமாக்கி விற்கிறது. நமக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்கும் அதே 2023-இல் குறியீடு கிடைத்துவிட்டது.

தென்னையை வெட்டுவதற்கு முன் வெள்ளை ஈயைப் பாருங்கள். மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்கள். ஓலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். என்கார்சியா ஒட்டுண்ணி இருக்கும் ஓலைத்துண்டுகளை வாங்கிக் கட்டுங்கள். கண்ட பூச்சிமருந்தை அடித்து அந்த ஒட்டுண்ணியைக் கொன்றுவிடாதீர்கள். ஓராண்டு கழித்து, காய்ப்பு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அப்போதும் சரிவரவில்லை என்றால், மாற்றுப்பயிரைச் சேர்ந்தே யோசிப்போம்.