டாக்டர் மாறினால் வைத்தியமும் முதலிலிருந்தா? ஒரு நீண்ட த்ரெட்

1/ மனநல சிகிச்சையில் இருக்கும் ஒருத்தர் டாக்டரை மாற்றினால், பழைய டாக்டரிடமிருந்து புது டாக்டருக்கு என்ன போகும்? பெரும்பாலும் ஒண்ணும் போகாது. கசங்கின ஓபி சீட்டு ஒண்ணு, காலியான ரெண்டு மாத்திரை அட்டை. பத்து வருஷ வைத்தியத்தின் வரலாறு அவ்வளவுதான். இதை நாம எல்லாரும் சாதாரணமா எடுத்துக்கிட்டோம். எடுத்துக்கக் கூடாது என்பதற்குத்தான் இந்த த்ரெட்.

2/ "இவங்க அடிக்கடி டாக்டரை மாத்துறாங்க, அப்புறம் எப்படி குணமாகும்?" என்று எங்கள் துறையில் சொல்வாங்க. யாருங்க மாத்துறது? மருத்துவக் கல்லூரி ஓபியில் உங்களைப் பார்த்த பிஜி டாக்டர், மூணு வருஷம் முடிஞ்சதும் போயிடுவார். மாவட்ட மனநலத் திட்ட டாக்டருக்கு டிரான்ஸ்ஃபர் வரும். நோயாளி அதே ஓபி வாசலில், அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கார். மாறுவது உள்ளே இருக்கிற டாக்டர்.

3/ நோயாளியே மாறும்போதும் காரணம் இருக்கு. வேலைக்குத் திருப்பூர் போறாங்க. கல்யாணமாகி வேற ஊர் போறாங்க. தனியார் ஆஸ்பத்திரியில் காசு கரைஞ்சு ஜிஹெச்சுக்கு வர்றாங்க. குழந்தைகள் மனநலப் பிரிவில் பார்த்த பையனுக்கு 18 வயசு ஆனதும் "இனி பெரியவங்க ஓபிக்குப் போங்க" என்று அனுப்பிடறாங்க. இதில் எது அவங்க குற்றம்?

4/ "மாத்திரை பேர்தான் சீட்டில் இருக்கே, போதாதா?" போதாது. சர்க்கரை, பிபி என்றால் புது டாக்டர் அங்கேயே அளந்து பார்த்துக்கலாம். மனநோய்க்கு அப்படி ஒரு டெஸ்ட் கிடையாது. எந்த மருந்து பலிக்கவில்லை, எதில் கை நடுங்கியது, எதை நிறுத்தியபோது நோய் திரும்பியது, தற்கொலை முயற்சி எப்போது நடந்தது... இதெல்லாம் பழைய கேஸ் ஷீட்டில்தான் இருக்கு. அது கூட வரலைன்னா புது டாக்டர் ஊகத்தில்தான் மருந்து எழுதணும்.

5/ லித்தியத்தை எடுத்துக்கோங்க. ரத்தத்தில் அது பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கணும். ரொம்பக் குறைந்தால் பலன் இல்லை, ரொம்பக் கூடினால் விஷம். கிட்னியையும் தைராய்டையும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கணும். ஊர் மாறினவரிடம் இந்த ரிப்போர்ட் எதுவும் இல்லை. நடுவில் மூட்டுவலிக்கு வேறொருத்தர் டைக்ளோஃபெனாக் எழுதுவார். அது லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும். வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் என்று கேஷுவாலிட்டிக்கு வருவார். அங்கே இருக்கிறவருக்கு இவர் லித்தியம் சாப்பிடுகிறார் என்பதே தெரியாது.

6/ குளோசபின். வேற மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்குக் கொடுப்பது. ரத்தத்தில் வெள்ளணுக்களைக் குறைக்கலாம் என்பதால் ஆரம்ப மாதங்களில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை வேணும். அதோடு, 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸை அப்படியே தரக் கூடாது. திரும்ப 12.5 மில்லிகிராமில் ஆரம்பிச்சு ஏற்றணும். ஊர் மாறி, புது ஓபியைக் கண்டுபிடிச்சு வர ஒரு வாரம் ஆகும். சீட்டில் "300 மி.கி." என்று மட்டும் இருக்கும். எத்தனை நாள் விட்டுப்போச்சு என்று கேட்காமல் அதையே எழுதினால் பிரஷர் தடாலென்று இறங்கி ஆள் விழுந்துவிடலாம்.

7/ வால்புரோயேட். கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால் பிறக்கும் குழந்தைகளில் சுமார் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. ஒரு பொண்ணு கல்யாணமாகிப் புது ஊருக்குப் போறப்போ, இதை அவளிடம் சொல்லி, மாற்று மருந்து பற்றிப் பேசி, எழுதிக் கொடுக்க வேண்டியது யார்? பல வீடுகளில் நடப்பது: நோயை மறைக்கணும் என்று கல்யாணத்தோடு மாத்திரையே நின்றுவிடும். இல்லாவிட்டால் யாரும் எச்சரிக்காமல் அதே மாத்திரை கர்ப்பத்திலும் தொடரும். ரெண்டுமே ஆபத்து.

8/ அடுத்தது நம்ம ஹீரோயிசம். "முந்தின டாக்டர் கொடுத்தது எல்லாமே தப்பு, இன்னையோட எல்லாத்தையும் நிறுத்திடுங்க." கேட்க கம்பீரமா இருக்கும். வருஷக்கணக்கா குளோனாசிபாம் போட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருந்தை மாற்றவே கூடாது என்று நான் சொல்லலை. தேவையில்லாமல் ஆறு ஏழு மாத்திரை போடுகிறவர்களும் இருக்காங்க, குறைக்கத்தான் வேணும். ஆனால் அது ஏன் எழுதப்பட்டது என்று தெரிந்துகொண்டு, படிப்படியா குறைக்கணும். ஒரு போன் போட்டுக் கேட்டால் கௌரவம் ஒண்ணும் குறைஞ்சிடாது.

9/ டிஸ்சார்ஜ்தான் இதில் மிக மோசமான இடம். மனநல வார்டிலிருந்து வீட்டுக்குப் போன முதல் மூன்று மாதங்களில், அதிலும் முதல் சில வாரங்களில், தற்கொலை ஆபத்து மிக அதிகம். பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை இது. சரியாக அந்த வாரங்களில்தான் "உங்க ஊர்லயே பார்த்துக்கோங்க" என்று அனுப்புகிறோம். எந்த டாக்டர், எந்தத் தேதி, வரலைன்னா யார் போன் பண்ணுவாங்க? எதற்கும் பதில் இல்லை.

10/ இது வெறும் நல்ல மனசு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, சட்டம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அமலுக்கு வந்தது 2018 மே 29. அதன் பிரிவு 98 சொல்வது: மனநல நிலையத்தில் சிகிச்சையில் இருப்பவர் வீட்டுக்குப் போனாலும், வேற நிலையத்துக்கு மாறினாலும், புது மனநல டாக்டர் பொறுப்பேற்றாலும், இதுவரை பார்த்த டாக்டர் நோயாளியிடமும், அவர் நியமித்த பிரதிநிதியிடமும், இனி பார்க்கப்போகும் டாக்டரிடமும் கலந்து பேசி, மேற்கொண்டு சிகிச்சை எப்படி என்று திட்டம் போடணும். "போடணும்" என்றுதான் இருக்கு. "முடிஞ்சா போடலாம்" என்று இல்லை.

11/ அதே சட்டத்தின் பிரிவு 25: தன் மருத்துவ ஆவணங்களைப் பெறுவது நோயாளியின் உரிமை. கடுமையான பாதிப்பு வரும் என்ற நிலையில் மட்டும் குறிப்பிட்ட தகவலை நிறுத்தி வைக்கலாம். அப்போதும் மனநல வாரியத்தில் முறையிடலாம் என்று நோயாளியிடம் சொல்லியாகணும். 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரணும். நீங்க கேட்பது தயவு இல்லை.

12/ "ஓபியில் நூறு பேர், கடிதம் எழுத நேரம் ஏது?" நேரம் இல்லை என்பது உண்மை. அரசு கூடுதல் ஆள் போடணும் என்பதும் உண்மை. ஆனால் நீங்க எழுதாத பத்து வரியைக் கண்டுபிடிக்க அடுத்த டாக்டருக்கு மூணு மாசம் ஆகுது. அந்த மூணு மாசமும் நோயாளியின் உடம்பில்தான் கழியுது.

13/ "ரகசியம் காக்கணுமே?" காக்கணும். அதனால்தான் கடிதத்தை நோயாளி கையில் கொடுக்கச் சொல்றேன். யாரிடம் காட்டுவது என்று அவர் முடிவு பண்ணட்டும். அவர் விஷயத்தை அவரிடமிருந்தே மறைப்பதற்குப் பேர் ரகசியம் காப்பது இல்லை.

14/ "நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா?" ஏற்கெனவே நடக்குது. காசநோயாளி ஊர் மாறினால் நிக்ஷய் பதிவில் புது ஊருக்கு மாற்றி அனுப்பறாங்க. கர்ப்பிணி பிரசவத்துக்குத் தாய் வீடு போனால் பிக்மி நம்பரும் கூடவே போகுது. அங்கே வரலைன்னா தேடுவதற்கு ஆள் இருக்கு. முடியும் என்று தெரிந்தும் மனநோயாளிக்கு மட்டும் செய்யாததற்குக் காரணம், இவங்க தொலைந்துபோனால் யாரும் கேட்க மாட்டாங்க என்ற தைரியம்.

15/ அதனால் நீங்க கேளுங்க. ஊர் மாறும் முன், அல்லது டாக்டர் மாறப்போறார் என்று தெரிந்ததும், ஒரே பக்கத்தில் இவ்வளவையும் எழுதி வாங்குங்க:
- என்ன நோய், எப்போதிலிருந்து
- இப்போதைய மருந்து, டோஸ், எதற்காக
- முன்பு கொடுத்துப் பலிக்காதவை, ஒத்துக்கொள்ளாதவை
- கடைசி ரத்தப் பரிசோதனை
- ஊசி போடுபவர் என்றால் கடைசி ஊசியின் தேதி
- தற்கொலை முயற்சி நடந்திருந்தால் அது பற்றி
- நோய் திரும்புவதன் முதல் அறிகுறி
- அடுத்து யாரை, எந்தத் தேதியில் பார்க்கணும்

16/ போனில் போட்டோ எடுத்து வைங்க. வீட்டில் நீங்க நம்பும் ஒருத்தரிடம் ஒரு நகல் கொடுங்க. கிளம்பும்போது ஒரு மாச மருந்தாவது கையில் இருக்கட்டும். புது டாக்டர் கிடைக்கும்வரை நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. யாரைப் பார்ப்பது என்று தெரியலைன்னா டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம். நீங்க டாக்டராக இருந்து இதைப் படித்தால், நாளைக்கு ஓபியில் ஊர் மாறுகிற முதல் நோயாளிக்கு அந்த ஒரு பக்கத்தை எழுதிக் கொடுத்துட்டு வந்து எங்கிட்ட சண்டை போடுங்க.