ஒரகடத்துக்கு ஓர் அலைவரிசை

இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஒரகடம், வல்லம் வடகால் வரை பரவிக் கிடக்கும் சிப்காட் தொழிற்பூங்காக்களைப் பற்றிய செய்திகளுக்குப் பஞ்சமில்லை. முதலீட்டு ஒப்பந்தங்களும் ஏற்றுமதிக் கணக்குகளும் ஓயாமல் அச்சாகின்றன. ஆனால், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் விடுதிக்குத் திரும்பும் தென்மாவட்டப் பெண்ணுக்கும், வாடகை அறையைப் பலரோடு பகிர்ந்துகொள்ளும் ஒடிசா இளைஞருக்கும் தம்மைப் பற்றிய நம்பகமான தகவல் தமக்குப் புரியும் மொழியில் வந்து சேர்வது அரிது என்பதே இவ்வட்டாரத்தின் ஊடகக் குறை.

2021 டிசம்பரில் அக்குறை வெட்டவெளிச்சமானது. இவ்வட்டாரத்துப் பாக்ஸ்கான் ஆலையின் ஊழியர்கள் தங்கிய விடுதியொன்றில் உணவு ஒவ்வாமல் 250-க்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்று, அவர்களில் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யை நம்பிய சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். யாரும் இறக்கவில்லை என்ற அதிகாரிகளின் சொல் எடுபடவில்லை. வதந்தி பரப்பியவர்மீது வழக்குப் பாய்ந்தது. வதந்திக்கு இடங்கொடுத்த வெற்றிடத்தின்மீது யார் வழக்குத் தொடுப்பது?

அவ்வெற்றிடத்தை நிரப்பவல்ல சமுதாய வானொலி, அதாவது சில கிலோமீட்டர் சுற்றளவில் வாழ்வோர் லாப நோக்கின்றித் தமக்காகத் தாமே நடத்தும் சிறிய பண்பலை நிலையம், இந்தியாவில் குடிமக்களும் செயற்பாட்டாளர்களும் சேர்ந்து கேட்டுப் பெற்றதாகும். வானலைகள் பொதுச்சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே பெங்களூருவில் கூடிய செயற்பாட்டாளர்கள் அதனைச் சாமானியரின் ஒலிபரப்பு உரிமையாக விரித்துப் பிரகடனம் வெளியிட்டனர். அரசு முதலில் கல்வி நிறுவனங்களை மட்டும் அனுமதிக்க, 2004-ல் அண்ணா பல்கலைக்கழகம் தன் நிலையத்தைத் தொடங்கியது. தன்னார்வ அமைப்புகளுக்கோ 2006 நவம்பரில்தான் வழி பிறந்தது. 2008-ல் இன்றைய தெலங்கானாவின் மாச்சனூர் கிராமத்தில் தலித் பெண்களின் ‘சங்கம் வானொலி’ ஒலிக்கத் தொடங்கியது. ஒரகடத்துக்கு அதைவிட நெருக்கமான முன்மாதிரி, தொழிற்பேட்டைகள் சூழ்ந்த குர்கானில் 2009-ல் பிறந்து, புலம்பெயர்ந்த தொழிலாளரைப் பேசவைத்த ‘குர்கான் கி ஆவாஸ்’.

ஆயினும், 2006-ன் கொள்கை ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் பிடுங்கிக்கொண்டது. கட்சி சார்ந்த தொழிற்சங்கங்கள் உரிமம் பெற முடியாது என்பது கட்சிகள் அலைவரிசைகளைக் கைப்பற்றாதிருக்கச் செய்த ஏற்பாடு. அதன் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால், நிலையங்கள் தாமே செய்தி திரட்டி ஒலிபரப்பக் கூடாது என்ற தடைக்கு அத்தகைய நியாயம் எதுவும் தென்படவில்லை. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் இதே வட்டாரத்துச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பக்கத்திலேயே ஒரு சமுதாய வானொலி இருந்திருந்தாலும், உடல்நலக் குறிப்பும் நாட்டுப்புறப் பாடலும் ஒலிபரப்பலாமே தவிர, அன்றைய பேச்சுவார்த்தை எதில் முட்டி நின்றது என்பதைத் தன் செய்தியாளரை அனுப்பிக் கேட்டுச் சொல்லியிருக்க முடியாது.

சிப்காட் சுற்றுவட்டாரக் கல்லூரிகளும் மகளிர் குழுக்களும் உரிமத்துக்கு விண்ணப்பிப்பதோடு நில்லாமல், தொழிற்சங்கத்தாரையும் உள்ளூர்ச் செய்தியாளரையும் சேர்த்துக்கொண்டு இச்செய்தித் தடையை நீக்கும்படி ஒன்றிய அரசை நெருக்க வேண்டும். 2024-ல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகள் விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிடம் ஒதுக்கியுள்ளன. சொந்தச் செய்திக்கு ஒரு நிமிடமும் இல்லை.