பத்து எச்பி மோகம்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் பாக்குத் தோப்பு வாட ஆரம்பித்ததும் முதலில் வரும் யோசனை இதுதான்: "அஞ்சைக் கழட்டிப் போட்டுட்டுப் பத்து எச்பியை எறக்குங்க மாமா, தண்ணி பிச்சுக்கிட்டு வரும்." ஊர் ஊராகப் பம்ப்செட் செய்து அனுப்பும் கோவை மாவட்டத்திலேயே இப்படியொரு மூடநம்பிக்கை செழித்திருப்பது வெட்கக்கேடு.

எடையை எவ்வளவு விரைவாகத் தூக்கலாம் என்பதற்குத்தான் எச்பி கணக்கு. நீராவி எந்திரத்தை விற்க வேண்டியிருந்த ஜேம்ஸ் வாட், நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தினால் அது ஒரு குதிரையின் திறன் என்று வைத்தார். இன்றைய அளவில் 746 வாட். விற்பனைக்காகப் பிறந்த எண். இன்றும் அந்தத் தொழிலை விடவில்லை.

தூக்கும் வேலையைத் தீர்மானிப்பது எடையும் உயரமும். கிலோவையும் மீட்டரையும் பெருக்கி, புவியீர்ப்புக்காக 9.8ஆல் பெருக்கினால் வேலை. அதை விநாடியால் வகுத்தால் திறன். எருது பூட்டிக் கவலை இறைத்த காலத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். சாலுக்கு 150 லிட்டர், 10 மீட்டர் ஆழம், நிமிடத்துக்கு ஒரு சால் என்று வைத்தால் 245 வாட். ஒரு எச்பியில் மூன்றில் ஒரு பங்கை வைத்து விநாடிக்கு இரண்டரை லிட்டர்! அதே இரண்டரை லிட்டரை, ஆயிரம் அடிக்குச் சற்றுக் குறைவாக, 300 மீட்டரிலிருந்து தூக்க 7,350 வாட் வேண்டும். கிட்டத்தட்ட பத்து எச்பி. குழாய் உராய்வு, மோட்டார் சூடு என்று பாதி வீணானால் இருபது. அந்த ஆழத்தில் பெருமையோடு இறக்கிய பத்து எச்பி, ஒரு சோடி எருது தந்ததில் பாதியைத்தான் தரும்.

அதுவும் போர்வெல்லில் அவ்வளவு ஊறினால். நம் மண்ணுக்கு அடியில் கடும்பாறை. இடுக்குகளில் கசிவதுதான் தண்ணீர். விநாடிக்கு ஒரு லிட்டர் ஊறும் போரில் எதை இறக்கினாலும் தொடர்ந்து வருவது அந்த ஒரு லிட்டர்தான். பெரிய மோட்டார் இருப்பை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டுக் காற்றில் சுற்றும், காயில் கருகும். அதில் பிழைப்பவர் காயில் கட்டுகிறவர் மட்டும்தான்.

"கரண்டு இருக்கற நேரத்துல எறைக்கோணுமில்ல?" என்பார்கள். நியாயமான கேள்வி. தண்ணீர் தேங்கி நிற்கும் திறந்த கிணற்றில் அவசரத்துக்குப் பலன் உண்டு. அங்கே பெரிய மோட்டாரைக் குறை சொல்ல மாட்டேன். ஊறிஊறி வரும் போருக்கு அந்தச் சமாதானம் செல்லாது. ஊற்றுக்கேற்ற சிறிய மோட்டாரும் ஒரு தொட்டியும் போதும்.

ஆனாலும் பத்து எச்பி இறக்கியவர் தோட்டத்தில் சில நாள் தண்ணீர் கூடுவதைக் கண்ணால் பார்த்தோமே? பார்த்திருப்பீர்கள். இரண்டு தோட்டத்துப் போரும் ஒரே பாறை இடுக்கில் குடித்தால், கூடியது பங்காளியின் தண்ணீர். அவரும் சும்மா இருப்பாரா? பதினைந்து இறக்குவார். நீர்மட்டம் 100 மீட்டரிலிருந்து 200க்குப் போகும். ஆயிரம் லிட்டர் தூக்க, இழப்பெதுவும் இல்லாவிட்டாலே 0.27 யூனிட் பிடித்தது 0.54 ஆகும். 1990 முதல் விவசாய மின்சாரம் இலவசம். பெரும்பாலான இணைப்புகளில் மீட்டரே கிடையாது. இரட்டிப்பானது எந்தத் தோட்டத்துக்காரர் கண்ணிலும் படுவதில்லை.